வெட்டாமல் போகும் வழி

பாகான் செராய்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவிக்கு,

மகேந்திரன் எழுதுகிறேன். தோளைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் நலத்தைத் தினேஸ்வரி சிங்கப்பூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் நான் கேட்காமலேயே சொல்லிவிடுகிறாள். கேட்டால் சொல்லமாட்டாள், உன் மகள்தானே.

உன்னோடும் போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பிரிந்திருக்கும் இந்தப் பதினொரு வருடத்தில் அது மட்டும் மாறவில்லை. தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. அதனால்தான் தபால்.

வலது தோள். கோப்பெங்கில் தோட்டத்து டீமுக்கு கோல்கீப்பராக நின்ற காலத்தில் நாலு தடவை கழன்றதே, அதேதான். இப்போது பள்ளி பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம். முன் சீட்டில் உட்காரும் ஒரு சின்னப் பெண், "அங்கிள், பஸ்ஸா சத்தம் போடுது, நீங்களா?" என்று கேட்டுவிட்டது. சட்டை மாட்டவே ஐந்து நிமிடம் ஆகிறது.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். மூட்டையே மாற்ற வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. எந்த வழியாக உள்ளே போவது என்பதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஈப்போ டாக்டர் முன்னால் ஒரு தசைநாரை வெட்டித் தைப்பாராம், ஆறு வாரம் கையைக் கட்டி வைக்க வேண்டுமாம். பினாங்கு டாக்டர் எதையும் வெட்டாமல் செய்வாராம், மறுநாளே கையை அசைக்கலாமாம். தினேஸ் எடுத்துக் கொடுத்த இன்ஷூரன்ஸ் இரண்டு இடத்திலும் செல்லும். அதனால் குழப்பம் இன்னும் அதிகம்.

நீ இருபத்தாறு வருடம் எலும்பு ஆப்பரேஷன் தியேட்டரில் நின்றவள். உன்னைவிட்டால் நான் யாரைக் கேட்பது? விருப்பமில்லை என்றால் பதில் போடவேண்டாம்.

இப்படிக்கு,
மகேன்


குனோங் ராபாட், ஈப்போ
11 ஆகஸ்ட் 2025

தினேஸின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் டாக்டர் இல்லை, நர்ஸ், வெறும் மிஸ்ஸி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடமும் ஆகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

இரண்டு பேரும் உள்ளே வைப்பது ஒரே சாமான்தான். கை எலும்பின் உச்சியில் தேய்ந்த பந்துக்குப் பதில் உலோகப் பந்து, அது உட்காரும் கிண்ணத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு.

ஈப்போ டாக்டர் சொன்னது பழைய வழி. தோளை மூடியிருக்கும் தசைக்கும் மார்புத் தசைக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு பிரிவு உண்டு. அதை விலக்கிக்கொண்டு போவார்கள். மூட்டின் முன்னால் ஒரு தசைநார் மூடியிருக்கும். அதை வெட்டித் திறந்து, வேலை முடிந்ததும் தைப்பார்கள். உள்ளே எல்லாம் நன்றாகத் தெரியும். கஷ்டம் பிறகுதான். தைத்த நார் ஒட்டும்வரை கையை வெளிப்பக்கம் திருப்பக்கூடாது, நாற்காலியில் ஊன்றி எழக்கூடாது, காப்பிக் கோப்பைக்கு மேல் கனம் தூக்கக்கூடாது. மீறினால் பிரிந்துவிடும். பிரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டையை முதுகுப்பக்கம் செருகக்கூடக் கை போகாது.

பினாங்கு டாக்டர் சொல்லும் வழியில், மேலே இரண்டு நார்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கிலேயே வேலையை முடிப்பார்கள். ஒன்றையும் வெட்டுவதில்லை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இடம் குறுகல். பந்தின் அடியில் வளர்ந்திருக்கும் எலும்பு முட்கள் சரியாகக் கண்ணில் படாது. விட்டுப்போனால் பிறகு கை உயராது. பந்தின் அளவும் தப்பிப்போகலாம். உங்களைப் போல் அகலமான ஆட்களுக்கு இன்னும் சிரமம்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு வழியில் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கையைத் தூக்குகிறார்கள். வித்தியாசம் அந்த முதல் ஆறு வாரம்தான்.

டாக்டர்களிடம் போய்க் கேளுங்கள். இந்த வழியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பாதியில் உள்ளே தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள்? தைத்தது எத்தனை பேருக்குப் பிரிந்தது? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தோளைக் கொடுங்கள்.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவே இல்லை. அது குறையாமல் யாரும் கத்தியை எடுக்கமாட்டார்கள்.

கலாதேவி


பாகான் செராய்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவிக்கு,

நீ எழுதிய கேள்விகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரிடமும் போனேன். பினாங்கு டாக்டர் சீனர். மலாயில்தான் பேசினோம். "நீங்க இந்த மாதிரி எத்தன செஞ்சிருக்கீங்க, டாக்டர்?" என்றேன். கொஞ்சம் சிரித்துவிட்டு "இருபத்து மூணு" என்றார். "உள்ள போயி தெரியலன்னா?" "பழைய வழிக்கு மாறிடுவேன். நாரை வெட்டுவேன். அதுல எனக்குப் பிடிவாதம் கிடையாது." பிறகு அவரே கேட்டார்: "இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" வீட்டில் ஒரு மிஸ்ஸி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வாயில் வந்துவிட்டது.

ஈப்போ டாக்டருக்கு முந்நூறுக்கு மேல் ஆகிவிட்டதாம். "எனக்குத் தெரிஞ்சு ஒன்பது பேருக்குப் பிரிஞ்சிருக்கு" என்று அவரும் மறைக்காமல்தான் சொன்னார். இரண்டு பேரும் நல்லவர்களாகப் போய்விட்டதால் உன் பரீட்சை எனக்கு உதவவில்லை.

நான் பினாங்கில் செய்துகொள்ளப் போகிறேன். அக்டோபர் இரண்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸை நினைத்துத்தான். எத்தனை நாள் பிள்ளைகளை அடுத்தவன் கையில் விடுவது? ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சரிப்படாது.

சர்க்கரை குறைந்திருக்கிறது. கீழே ஜைனுலாப்தீன் பாய் கடையில் என்னைக் கண்டாலே "கோசோங்" என்று கூவி, சீனி போடாத தேநீரைத்தான் நீட்டுகிறார்.

மகேன்


குனோங் ராபாட்
30 ஆகஸ்ட் 2025

தினேஸின் அப்பாவுக்கு,

பஸ் காரணம் இல்லை. எந்த வழியில் செய்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருவரும் உங்களைப் பஸ் ஓட்ட விடமாட்டார்கள். அதை அந்த டாக்டர்களும் சொல்லியிருப்பார்கள்.

காரணம் சட்டைப் பொத்தான். குளியல். சாப்பாட்டுக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கும் ஆளுக்கு ஆறு வாரம் யார் துண்டைப் பிழிந்து கொடுப்பது? அதற்குப் பயந்துதான் வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இது தெரியும். 2014-இல் என் வலது மார்பை எடுத்தபோது ஒரு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. நீங்கள் டூர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு தாய்லாந்து போயிருந்தீர்கள். முதலாளி விடவில்லை என்றீர்கள். தினேஸுக்கு அப்போது பரீட்சை. தியேட்டரில் என்னோடு வேலை செய்த பிரமிளாதான் தினமும் வேலை முடிந்து வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். குத்திக்காட்ட எழுதவில்லை. ஆள் இல்லாமல் இருப்பது எப்படி என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பினாங்கு டாக்டர் நேர்மையான ஆள். அவரிடமே செய்துகொள்ளுங்கள். ஆனால் ஆறு வாரம் கட்டுப் போட வேண்டிவரும் என்றே நினைத்து ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். உள்ளே திறந்து பார்க்கும்வரை எந்த வழி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முன்பக்கம் திறக்கும் சட்டைகளாக எடுத்து வையுங்கள். பனியன் வேண்டாம்.

கலாதேவி


பாகான் செராய்
9 அக்டோபர் 2025

அன்புள்ள தேவிக்கு,

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நினைத்த மாதிரியே. கட்டு எல்லாம் எடுத்தாயிற்று. கையை அசைக்கிறேன். தினேஸ் இரண்டு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பினாள். பஸ்ஸைத் தீபன் என்ற ஒரு நல்ல பையன் ஓட்டுகிறான். கவலைப்பட ஒன்றுமில்லை. தீபாவளி வாழ்த்துகள்.

மகேன்


குனோங் ராபாட்
13 அக்டோபர் 2025

தினேஸின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் வரிகள் ஒவ்வொன்றும் தாளின் பாதியிலேயே முடிகின்றன. மற்ற கடிதங்களில் விளிம்புவரை எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுப் போட்ட நோயாளிகள் ஆஸ்பத்திரிப் படிவங்களில் எழுதுவதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கும்போது மணிக்கட்டு மட்டும் போகிற தூரம் அவ்வளவுதான்.

நாரை வெட்டியிருக்கிறார்கள். கட்டு இன்னும் இருக்கிறது. ஆளும் இல்லை. ஆள் வருவார் என்று தினேஸிடமும் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். படிக்கட்டில் விழுந்து வைக்காதீர்கள். பாய்க்கடையில் கேட்டால் வழி சொல்வார்கள் அல்லவா?

கலாதேவி


பாகான் செராய்
28 நவம்பர் 2025

அன்புள்ள தேவிக்கு,

நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கட்டை எடுத்துவிட்டார்கள். தைத்த நார் நன்றாக ஒட்டியிருக்கிறதாம். "உள்ளே எலும்பு முள் ஒரு பெரிய கொத்தாக இருந்தது, வெட்டாமல் எட்டவே முடியவில்லை" என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நீ சொன்னதேதான். நீ கிளம்பிய பிறகு ஜைனுலாப்தீன் பாய் தினமும் காலையில் மேலே வந்து பொத்தான் போட்டுவிட்டார். "மகேன் அண்ணே, அக்கா மாதிரி எனக்கு நேராப் போட வராதுலா" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார்.

நீ வந்த அன்று நான் எட்டு நாளாக ஒரே சட்டையில் இருந்தேன். கழற்றத் தெரியவில்லை. நீ பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாய். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, நல்ல கையை முதலில் உருவி, பிறகு கட்டுப் போட்ட கையிலிருந்து சட்டையை எடுத்தாய். மாட்டும்போது தலைகீழ், கெட்ட கை முதலில் என்று சொல்லிக் கொடுத்தாய். தீபாவளி அன்று காலையில் காயத்தில் சொட்டாமல் ஒரு கை குறுக்கே வைத்துக்கொண்டு என் தலைக்கு எண்ணெய் வைத்தாய். அப்போது நான் அழுதது கண்ணில் எண்ணெய் பட்டதால் இல்லை.

அந்த ஒன்பது நாளும் சொல்ல வாய் வரை வந்து சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

2014-இல் முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை. "உங்க மிஸ்ஸிக்கு ஆப்பரேஷன்னு சொன்னீங்கலா, வேற டிரைவரை அனுப்புறேன்" என்றுதான் சொன்னார். நான்தான் "பரவால்ல, தவுக்கே, நானே போறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். உன்னை அந்த நிலையில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ செத்துவிடுவாய் என்று நினைத்தேன். சாகும்போது பக்கத்தில் இருக்கக்கூடாது என்று ஓடினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உன்னிடம் பொய் சொன்னேன். நீ வெளியே போகச் சொன்னபோது, தவுக்கே விடாததுக்கு நான் என்ன செய்வேன் என்று கத்தவும் செய்தேன்.

இதைச் சொல்லாமல் அடுத்ததைக் கேட்கக்கூடாது என்று தோன்றியது. நாம் மறுபடி ஒன்றாக இருக்கலாமா? இங்கேயோ அங்கேயோ, நீ சொல்கிற இடத்தில். யோசித்துச் சொல்.

மகேன்


குனோங் ராபாட்
10 ஜனவரி 2026

தினேஸின் அப்பாவுக்கு,

ஆறு வாரத்துக்கு மேல் நான் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பழைய கோபம் எப்போதோ போய்விட்டது. தவுக்கே விடாவிட்டால் மனிதர் என்ன செய்வார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது வந்தது புதுக்கோபம். இது தெரிந்திருந்தால் தீபாவளிக்கு வந்திருப்பேனா என்று யோசித்தேன். வந்திருப்பேன். ஆனால் எண்ணெய் வைத்திருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வேண்டாம். ஒன்றாக இருக்க வேண்டாம். தனியாக இருந்து பழகிவிட்டது என்பது ஒரு பக்கம். இந்த வீட்டில் நான் நினைத்த நேரத்தில் சமைத்து, நினைத்த நேரத்தில் படுத்துக் கொள்கிறேன். காலையில் டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் உதவிக்குப் போகிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. கோபத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். வருடாவருடம் எடுக்கும் படத்தில் இந்த முறை இடது மார்பில் ஒரு புள்ளி தெரிகிறதாம். பிப்ரவரி பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தினேஸிடம் சொல்லவில்லை, பதறிக்கொண்டு ஓடிவருவாள். பிரமிளா மகளோடு கிள்ளானுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் வருகிறீர்களா? கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்யவேண்டாம்.

முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன். வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் மட்டும் இருக்காதீர்கள்.

கலாதேவி


பாகான் செராய்
15 ஜனவரி 2026

அன்புள்ள தேவிக்கு,

வருகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். அந்த வாரம் பஸ்ஸைத் தீபன் எடுக்கிறான். முதல் நாளே ஈப்போ வந்து ஸ்டேஷன் பக்கத்தில் ஓட்டலில் தங்கிக்கொள்கிறேன், காலை ரயிலை நம்பமாட்டேன். ஏழு மணிக்கே அங்கே இருப்பேன்.

மகேன்


குனோங் ராபாட்
21 பிப்ரவரி 2026

அன்புள்ள மகேனுக்கு,

முடிவு நேற்று வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்புக் கட்டியாம். நேற்றே போன் செய்திருக்கலாம். மூன்றாவது நிமிடத்தை நினைத்து விட்டுவிட்டேன். தபால் போய்ச் சேரும்வரை நீங்கள் தவிக்கக்கூடாது என்று தினேஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்களுக்குச் சொல்லச் சொன்னேன். எனக்கு அவளிடம் திட்டு விழுந்தது, உங்களுக்கும் விழுந்திருக்கும்.

அன்று உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஊசி போடுகிற நேரம் அந்தச் சின்ன மிஸ்ஸி ஓடிவந்து, "ஆன்ட்டி, வெளிய உங்க வீட்டுக்காரருக்கு மயக்கம் வருதுலா. மைலோ குடுத்துப் படுக்க வெச்சிருக்கோம், பயப்படாதீங்க" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர், "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்கிறார். அடக்க முடியவில்லை. ஊசி போனதே தெரியவில்லை.

வெளியே வந்தபோது நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். முகம் வெள்ளைத்தாள் மாதிரி. என் கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். அது போதுமா என்று இந்தப் பத்து நாளாக என்னையே கேட்டுப் பார்த்தேன். இப்போதைக்குப் போதும்.

கை எவ்வளவு உயருகிறது? தோள் உயரத்துக்கு மேல் போகிறதா? பயிற்சியை விட்டுவிடாதீர்கள், முதல் வருடம் முழுக்கச் செய்யவேண்டும். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றும்போது அவர்களுடைய பையை நீங்கள் தூக்கவேண்டாம். அவர்களே தூக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

தேவி